ரெண்டு குழலுக்கு ஒரு பெட்டி

ஒரு துப்பாக்கிக்குப் பெட்டி வாங்கப் போன கதையத்தான் சொல்லப்போறேன். இதுல என்ன பெருசா இருக்குன்னு நெனைக்கிறவுக இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க. ஏன்னா இதக் கேட்டு முடிச்சப்பறம் எனக்கு யாரும் ஒரு வார்த்தை யோசனை சொல்லக்கூடாது, சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

என் பேரு பவுனுத்தாய். கீழ்மலையில தொட்டிப்பாறைன்னு ஒரு ஊரு, அங்க அஞ்சு ஏக்கர்ல காப்பி, காப்பிக்கு ஊடால மிளகு, மேட்டுல மலைவாழை, ஓடைக்கரையில சௌசௌப் பந்தல்னு நானும் எங்க வீட்டுக்காரரு அழகுராசாவும் இருவத்தஞ்சு வருசமாப் பாடுபட்ட தோட்டம். பொழுது சாயப்போகுதுன்னா காட்டுப்பன்னி குடும்பத்தோட வந்து நிக்கும், வாழக்கட்டையத் தோண்டித் தின்னுட்டு நமக்கே உறுமிக் காட்டிட்டுப் போகும். அதுகள வெரட்டத்தான் துப்பாக்கி, அதுவும் வானத்தப் பாத்துத்தான் போடுறது, சத்தம் கேட்டாப் போதும், ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் வராது. ஒரு மரக்கட்டை, அதுல மாத்தி மாத்தி மாட்டிக்க ரெண்டு குழல், ஒண்ணு பொடி ரவைக்கு, ஒண்ணு பெரிய குண்டுக்கு. எங்க வீட்டுக்காரரு பத்து மாசத்துக்கு முன்னாடி நெஞ்சடைச்சுப் போயிட்டாரு. அவரு பேருல இருந்த லைசென்ஸ் என் பேருக்கு மாறணும்.

தாலுகா ஆபீசுல இருந்து கடுதாசி வந்துச்சு. மூணு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு தாசில்தார் அம்மா எங்க பஞ்சாயத்து ஆபீசுக்கே வர்றாங்களாம். துப்பாக்கியக் கழட்டி, பூட்டு வச்ச கெட்டிப் பெட்டியில, கட்டைக்கு ஒரு பள்ளம் குழலுக்கு ஒரு பள்ளம்னு ஒண்ணோட ஒண்ணு ஒரசாம அடுக்கிக் கொண்டாந்து காட்டணுமாம். லைசென்ஸ்ல எழுதியிருக்கிறபடி ரெண்டு குழல், கூடவும் கூடாது கொறையவும் கூடாது, பெட்டி மூடிப் பூட்டணும், இல்லேன்னா துப்பாக்கி சர்க்காருக்குப் போயிரும். துப்பாக்கி போச்சுன்னா ஒரே மாசத்துல பன்னி தோட்டத்தத் தரிசாக்கிரும். என் கொழுந்தன் தவமணி அதத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருந்தான். "பொம்பளையாளு தனியா என்ன மதினி செய்வீங்க, தோட்டத்த என் பொறுப்புல விட்டுட்டு கோயமுத்தூருக்கு மக வீட்டோட போயிருங்க"ன்னு காரியம் நடந்த வீட்டுலயே சொன்னவன் அவன். கோயமுத்தூருல மக வீடு மூணாவது மாடி, அங்க போயி நான் என்ன, தொட்டியில துளசி வளக்கவா?

சரி, ஒரு பெட்டி தான, வாங்கிட்டாப் போச்சுன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழமை டீக்கடை மலைச்சாமிகிட்ட, மதுரைக்குக் காலையில மொத பஸ் எத்தனை மணிக்குன்னு மட்டுந்தான் கேட்டேன். அவரு டீய ஆத்திக்கிட்டே, "எதுக்குத்தா மதுரைக்கு? துப்பாக்கிப் பெட்டிக்கா? அலுமினியத்துல வாங்கு, பிளாஸ்டிக் வெடிச்சுப்போகும்"ன்னாரு. அந்தாளு பொறந்ததுலேர்ந்து துப்பாக்கிப் பெட்டியக் கண்ணால பாத்ததில்ல. நான் வீட்டுக்கு வந்து பீரோவத் தொறந்து பாத்தா ரெண்டு குழல் இருந்த எடத்துல மூணு குழல் இருக்கு. எண்ணெய் போட்டுத் தொடச்ச மாதிரி பளபளன்னு புதுசா ஒண்ணு, கட்டையில மாட்டிப் பாத்தா அச்சாப் பொருந்துது.

மறுநாள் ரிட்டையர்டு வாத்தியாரு சவரிமுத்து வந்தாரு. நாப்பது வருசம் ஊருக்கே பாடம் எடுத்தவரு. நான் குழல்களக் கட்டில்ல பரப்பி வச்சு இஞ்ச் டேப்பால அளந்துக்கிட்டு இருக்கேன், அவரு மூக்குக்கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, "பவுனு, கழட்டி வைக்கிற பொருளுக்கு நீளப்பெட்டி வீண், குட்டைப் பெட்டியா எடு, ஸ்பாஞ்சு கூடாது, ஸ்பாஞ்சு மலையில பனிய உறிஞ்சும், குழல் துருப்பிடிக்கும், வெல்வெட்டுத்தான் சாஸ்திரம்"ன்னு சொல்லி முடிக்கல, வாழக்கட்டைக்குப் பக்கத்துல பக்கக்கன்னு வர்ற மாதிரி என் கண்ணு முன்னாலயே கட்டில்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு குழல் மொளச்சுச்சு. குட்டைப் பெட்டிக்கு ஒண்ணு, ஸ்பாஞ்சுக்கு ஒண்ணு, வெல்வெட்டுக்கு ஒண்ணு. வாத்தியாரு அதப் பாத்துட்டு, "ம், இரும்பு நல்ல இரும்புதான்"ன்னு சொல்லிட்டுக் காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாரு.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. யாரு பெட்டியப் பத்தித் தெரியாமத் தெரிஞ்ச மாதிரி யோசனை சொன்னாலும் ஒரு குழல் வருது. எங்க ஊருல இது சின்ன விசயமில்ல. எங்க ஊருக்காரங்ககிட்ட வழி கேட்டு வந்து பாருங்க, நீங்க கேக்குற எடம் அவுக காதால கேள்விப்படாததா இருந்தாலும், நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்கன்னு கையக் காட்டிருவாக. வந்தவன வெறுங்கையோட அனுப்புறது மரியாதை இல்லையாம். போன வருசம் உரம் ஏத்திட்டு வந்த லாரி ஒண்ணு இப்படி மூணு நாளு மலையச் சுத்திட்டு, கடைசியில கேரளாப் பக்கம் எறங்கிப்போச்சு. இவுக வாயப் பொத்துறதுக்கு நான் எங்க போவேன்!

செவ்வாக்கெழமை மதுரைக்குப் போனேன். கீழாவணி வீதிப் பக்கம் துப்பாக்கிக் கடையில, இஞ்ச் இஞ்ச்சா அளந்து, நானே என் கையால தட்டிப் பாத்து, ஒரு பெட்டி எடுத்தேன். கறுப்பு நெறம், முப்பத்தி ரெண்டு இஞ்ச், மேல நான் ஏறி நின்னேன், நெளியல. வாயச் சுத்தி ரப்பர் பட்டை, பனி உள்ள போகாது. உள்ள கெட்டி ஸ்பாஞ்சுல கட்டைக்கு ஒரு பள்ளம், குழலுக்கு ரெண்டு பள்ளம், கொண்டி ரெண்டு, பூட்டு ரெண்டு. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்பறம் நானா ஒரு பொருளப் புடிச்சு வாங்குனது அதுதான். மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஒக்காந்தேன், பாருங்க, முன் சீட்டு, பின் சீட்டு, கண்டக்டரு, வத்தலக்குண்டுல ஏறுன பூக்காரம்மா வரைக்கும், இது சக்கரம் வச்சதா வாங்கியிருக்கணும், நம்பர் பூட்டா வாங்கியிருக்கணும், பச்சைக் கலர்தான் காட்டுல கண்ணுக்குத் தெரியாதுன்னு ஆளுக்கொண்ணு சொல்ல, நான் காதப் பொத்திக்கிட்டு, "ஐயா சாமிகளா, வாய மூடிட்டு வாங்க, எனக்கு வீட்டுல குழல் மொளைக்குது"ன்னு கத்துனேன். கத்துனதுக்கு, வெயில்ல வந்ததால பித்தம், எலுமிச்சம்பழத்த மோந்து பாருன்னு ஒருத்தி பழத்தக் குடுத்தா. வீட்டுக்கு வந்து எண்ணிப் பாத்தா இருவத்தி மூணு. பெட்டியத் தரையில போட்டு, அது மேலயே ஒக்காந்து பல்லக் கடிச்சேன்.

இப்ப நீங்க என்ன நெனைப்பீங்க, இந்த மாதிரி ஒரு அதிசயம் நடந்தா ஊரு பயந்து போகும், கோயில்ல குறி கேக்கும், டிவிக்காரன் வருவான்னு. ஒரு மண்ணும் இல்ல. மொத வாரம் மலைச்சாமி வந்து, "என் யோசனையில வந்த குழல்தானத்தா"ன்னு உரிமையா ஒண்ண எடுத்துட்டுப் போயி டீக்கடை அடுப்புக்குப் புகைபோக்கி வச்சாரு, டீ முன்ன விட நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுச்சு. அப்பறம் ஆளாளுக்கு வந்தாக. ஒருத்தரு ஊத்துத் தண்ணி கொண்டாரக் குழல ஒண்ணோட ஒண்ணு செருகி ஓடை வரைக்கும் நீட்டுனாரு, ரெண்டு கட்சிக்காரங்க கொடிக்கம்பம் நட்டாங்க, வாலிபால் பசங்க வலை கட்டுனாங்க, காப்பிப்பழம் எடுக்க வர்ற கன்னியம்மா தன் வீட்டு வாசல்ல ஒண்ண ஊணி அதுல அவரைக் கொடிய ஏத்திவிட்டா. ரெண்டாவது வாரம் கொடுமை என்னன்னா, குழல் வேணும்னே யோசனை சொல்ல வர ஆரம்பிச்சாக. "பவுனக்கா, ஆட்டுக் கொட்டாய்க்கு ரெண்டு கம்பி கொறையுது, அதனால சொல்றேன், பெட்டிக்குள்ள வசம்பு போட்டு வையி, பெட்டிய வடக்கப் பாத்து வையி"ன்னு சொல்லிட்டு, மொளைக்கிற வரைக்கும் கைய நீட்டிக்கிட்டு நிப்பாக. நான் சாணியக் கரைச்சு ஊத்தியிருப்பேன், ஆனா ஒருத்தரும் கெட்ட எண்ணத்துல வரல, வரும்போது வெறுங்கையோடயும் வரல, முருங்கைக்கீரை, மோர், ஒரு சீப்பு பழம்னு கொண்டாந்து குடுத்துட்டுத்தான் என் பொழப்பக் கெடுத்தாக. அந்தக் கடுப்ப நான் யாருகிட்டச் சொல்லி அழுவேன், சொன்னா அதுக்கும் ஒரு யோசனை சொல்லுவாகளே!

தவமணி மட்டும் குழல் எடுத்துட்டுப் போகல. அவன் தெனம் காலையில வருவான், நின்னுக்கிட்டே சொல்லுவான், போயிருவான். "மதினி, பெட்டியத் திருப்பிக் குடுத்துட்டு மரத்துல செய்யச் சொல்லுங்க." ஒரு குழல். "மதினி, தேக்குல வேண்டாம், பலாவுல." இன்னொண்ணு. "மதினி, எதுக்கு இந்த வம்பு, துப்பாக்கிய என் பேருக்கு எழுதிருங்க." அதுக்கும் ஒண்ணு. அவன் மூஞ்சியப் பாக்கவே எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. ஆனா கதவச் சாத்தல. அவன் நிக்கிற நிப்பு, எங்க வீட்டுக்காரரு நிக்கிற அதே நிப்பு.

வெள்ளிக்கெழமை வந்துருச்சு. தாசில்தார் அம்மா ஜீப்புல வந்து எறங்குனாங்க, சின்ன வயசு, கையில ஃபைலு, கூட ஒரு ஏட்டு. ஏட்டு ஊருக்குள்ள வரும்போதே புகைபோக்கியையும் கொடிக்கம்பத்தையும் பாத்துட்டு, ஜீப்பு மைக்கப் புடிச்சு, "லைசென்ஸ் இல்லாம துப்பாக்கிக் குழல் வச்சிருக்கிற அத்தன பேரு மேலயும் கேஸு"ன்னு சொன்னதுதான் தாமதம், அரை மணி நேரத்துல ஊரே குழலத் தூக்கிட்டு, என் வீட்டுல மிச்சம் கெடந்ததையும் வாரிக்கிட்டு ஓடியாந்து பஞ்சாயத்து ஆபீசு வாசல்ல, என் பெட்டிக்கு முன்னால, வெறகு கொட்டுற மாதிரி கொட்டிட்டு, "எல்லாம் பவுனோடது சார்"ன்னு தள்ளி நின்னுக்கிட்டாக. அடப் பாவிகளா! கன்னியம்மா மட்டும் கொடியோட புடுங்கிக்கிட்டு வந்து கையிலயே வச்சுக்கிட்டு நின்னா. ஏட்டு எண்ணுனாரு. அறுபத்தி நாலு.

தாசில்தார் அம்மா ஆச்சரியப்படவே இல்ல. "போன வாரம் மேல ஒரு ஊருல கெணறு எடம் மாறி ஒக்காந்திருந்துச்சு, அதுக்கு வரைபடம் போட்டுக் குடுத்துட்டுத்தான் வர்றேன். எனக்கு அதெல்லாம் பிரச்சனை இல்லம்மா. லைசென்ஸ்ல ரெண்டு குழல். பெட்டியில ரெண்டு பள்ளம். ஒரு மணிக்கு நான் கெளம்பணும். அதுக்குள்ள ரெண்டு ஆச்சுன்னா கையெழுத்து, ஆகலேன்னா துப்பாக்கி ஜீப்புல ஏறிரும்"ன்னாங்க. நியாயமாத்தான் சொன்னாங்க. அதனாலதான் எனக்கு இன்னும் ஆத்திரமா வந்துச்சு.

கூட்டத்துல இருந்து உடனே, "பவுனு, வெல்டிங் வச்சு ரெண்டாச் சேத்துரு"ன்னு ஒரு கொரலு. அறுபத்தஞ்சு. நான் பக்கத்துல நின்ன கன்னியம்மா மேல பாய்ஞ்சேன். "ஏண்டி, நீயும்தான சொன்ன, பெட்டிக்கு மேல சாக்கப் போத்தி வைக்கச் சொல்லி. நீ என்னைக்காச்சும் துப்பாக்கிப் பெட்டியப் பாத்திருக்கியாடி?" அவ மெரண்டு போயி, "இல்லக்கா, எனக்கு என்னக்கா தெரியும், ஒண்ணும் தெரியாது, எல்லாரும் சொல்றாகளேன்னு நானும் சொன்னேன்"ன்னா. சொன்ன வாய் மூடல, அவ கையில இருந்த குழலக் காணோம். அவரைக்கொடி மட்டும் அவ முழங்கைய சுத்திக்கிட்டுத் தொங்குச்சு. தாசில்தார் அம்மா கடிகாரத்தப் பாத்துட்டு, "அப்படின்னா வரிசையா வாங்க"ன்னாங்க.

என்ன பாடுங்கிறீங்க! தெரியாதுன்னு ஒரு வார்த்தை. அதச் சொல்ல அவுக பட்ட பாட்டுக்குப் பிரசவ வலி தேவல. மலைச்சாமி மொதல்ல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. வெல்டிங் சொன்னவன் கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சான், அவன் பொண்டாட்டி காதப் புடிச்சு இழுத்துட்டு வந்தா. வாத்தியாரு வேட்டியச் சரிபண்ணிக்கிட்டு, "அது பாடத்திட்டத்துல இல்ல"ன்னாரு, குழல் அசையல. "போதிய ஆதாரம் கெடைக்கல"ன்னாரு, அசையல. கடைசியில செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டு, பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துன பையன் கணக்கா, "தெரியாது"ன்னாரு. மூணு குழலும் போச்சு. திரும்பும்போது அவரு மூஞ்சி பத்து வயசு கொறஞ்சிருந்துச்சு, மனுசன் சிரிச்சுக்கிட்டே போயி வெயில்ல ஒக்காந்தாரு. பஸ்ஸுல சொன்னவுகளுக்கெல்லாம் அந்தக் கண்டக்டரே ரூட்டு வண்டிய நிறுத்திட்டு வந்து, எல்லாருக்கும் சேத்து ஒரு தெரியாதுங்க போட்டுட்டுப் போனாரு. சர்க்காரு அத ஏத்துக்கிச்சு.

பன்னெண்டே முக்காலுக்கு, என் ரெண்டப் பெட்டியில வச்சது போக, இருவது குழல் கெடந்துச்சு, அத்தனையும் தவமணி யோசனையில வந்தது. தவமணி கையக் கட்டிக்கிட்டு வேப்பமரத்தடியில நின்னான். வரல.

"தம்பி, சொல்லுங்க"ன்னாரு ஏட்டு.

"நான் சொன்னதுல என்ன தப்பு? எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னேன்"ன்னான். குழல் அப்படியே கெடந்துச்சு.

அவன் வாயத் தொறக்காம இருந்தாப் போதும், கால் மணி நேரத்துல தோட்டம் அவன் கைக்குப் போயிரும். அது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நான் அவன் முன்னால போயி நின்னேன். கெஞ்சத்தான் போனேன், ஆனா வாயில வந்தது வேற. "ஏண்டா, பத்து மாசமாக் காலையில வந்து நிக்கிறியே, உனக்கு என்னதான்டா வேணும்? தோட்டமா? எடுத்துக்கோ. ஆனா இனிமே என் வாசல்ல வந்து உங்கண்ணன் மாதிரி நிக்காத. என்னால பாக்க முடியல."

அவன் மொகம் கோணுச்சு. "தோட்டம் எதுக்கு மதினி எனக்கு? எனக்கு இருக்கிற தோட்டத்தையே பாத்துக்க முடியல. அண்ணன் இல்லாம நான் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. உங்க வாசலுக்கு வந்தா எதையாச்சும் சொல்லணும்ல, சும்மா எப்படி வர்றது. அதான் பெட்டி, பூட்டுன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன். எனக்கு ஒண்ணுமே தெரியல மதினி"ன்னு தலையில கைய வச்சுக்கிட்டுக் குந்திட்டான். கெடந்த குழலெல்லாம் ஒண்ணொண்ணாக் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிருச்சு. ஊரு மூச்சு விட்டுச்சு.

நான் ஓடிப்போயி பெட்டிய மூடுனேன். மூடல. அமுக்குனேன், மேல ஏறி ஒக்காந்தேன், கொண்டி மாட்டல. தொறந்து பாத்தா ரெண்டு பள்ளத்துல ரெண்டு குழல், அதுக்கு மேல குறுக்கால இன்னொண்ணு.

"மூணு இருக்கேம்மா"ன்னாங்க தாசில்தார் அம்மா. "இது யாரோடது?"

ஒருத்தர ஒருத்தர் பாத்தாக. யாரு விட்டது, நான் சொல்லிட்டேன், நானும் சொல்லிட்டேன். ஏட்டு பேரு பேராக் கூப்புட்டாரு. மணி ஒண்ணாகப் போகுது, டிரைவரு ஜீப்ப ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அது யாரோடதுன்னு ஊருல எனக்கு ஒருத்திக்கு மட்டுந்தான் தெரியும்.

"என்னோடதுங்க"ன்னேன்.

"எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்குப் பகல் பதினோரு மணி இருக்கும். தோட்டத்துல இருந்து வந்தவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, ஒரு மாதிரி இருக்கு பவுனு, ஜீப்பு சொல்லட்டுமா, வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமான்னு கேட்டாரு. என்னத்தான் கேட்டாரு. நான் மிளகக் காயப்போட்டுக்கிட்டு இருந்தேன். வாயுவாத்தான் இருக்கும், மொச்சைக்கொழம்பு தின்னா அப்படித்தான் இருக்கும், சுக்கத் தட்டித் தர்றேன், குடிச்சுட்டுப் படுங்க, சரியாப் போகும்னேன். நான் சொன்னா அவரு கேப்பாரு. குடிச்சுட்டுப் படுத்தாரு." தவமணி எந்திரிச்சு வந்து பக்கத்துல நின்னான். "வாயுவா, நெஞ்சுவலியா, எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். எனக்குத் தெரியாதுங்க, எனக்குத் தெரியாது."

பெட்டி மூடிக்கிச்சு. ரெண்டு கொண்டியும் டக்கு டக்குன்னு விழுந்துச்சு. தாசில்தார் அம்மா ஜீப்பு பானட்டு மேலயே ஃபைல வச்சுக் கையெழுத்துப் போட்டு, என் கையில குடுத்தாங்க.

அவரு செத்தன்னைக்குக் கூட நான் அப்படி அழல. பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, மண்ணுல ஒக்காந்து, வாய்விட்டு அழுதேன். மலைச்சாமி, வாத்தியாரு, கன்னியம்மா, கொடிக்கம்பக்காரங்க, ஊரே சுத்தி நின்னுச்சு. ஒருத்தரு கூட அழாதன்னு சொல்லல.